'நண்பர்' என்று திருத்தச் சொன்ன பாடத்திட்டக் குழுவுக்கு

விஸ்காம் துறையின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரைக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. இசை வீடியோ தாளில், பீட்டர் கிறிஸ்டோஃபர்சன் என்ற இயக்குநரைப் பற்றி நான் எடுக்கவிருந்த வகுப்பின் ஸ்லைடுகளைப் பற்றி மூன்று வரி. பதினொன்று, பன்னிரண்டு, பத்தொன்பதாவது ஸ்லைடுகளை எடுத்துவிட வேண்டும். 1985-ஆம் வருட வீடியோவைத் திரையிடக் கூடாது. ஏழாவது ஸ்லைடில் 'வாழ்க்கைத் துணை' என்றிருப்பதை 'நண்பர்' என்று மாற்ற வேண்டும். அதற்குக் கீழே, "மத்தபடி டெக்னிக்கலா ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று கைகூப்பிய எமோஜியோடு இன்னொரு வரி.

நான் மாற்றவில்லை. வியாழக்கிழமை காலை வகுப்புக்கு வந்தால், உள்ளே வேறொருவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். திரையில் ஓடியது என் ஸ்லைடுகள்தான். 34 இருந்த இடத்தில் 31. ஏழாவதில் 'நண்பர்'. எழுத்துரு மட்டும் மாறியிருந்தது, அவசரத்தில் திருத்தியிருக்கிறீர்கள். கதவோரம் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டேன். காரணம் கேட்டு மெயில் போட்டதற்கு ஒரே ஒரு வாக்கியம் பதிலாக வந்தது: "பாடத்துக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட வாழ்க்கை விவரங்கள்." நேரில் பேச இரண்டு முறை நேரம் கேட்டேன், கிடைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்களில் எத்தனை பேர் அந்த 34 ஸ்லைடுகளையும் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். அந்த வகுப்பு பீட்டர் கிறிஸ்டோஃபர்சனைப் பற்றியது. 1955-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் பிறந்தவர். எழுபதுகளில் லண்டனில் ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு பங்குதாரர் ஆனவர். பிங்க் ஃப்ளாய்டின் இசைத்தட்டு அட்டைகளை உருவாக்கிய அதே ஹிப்னாசிஸ்தான். நம் துறையின் தாழ்வாரத்திலேயே அவர்கள் செய்த அட்டை ஒன்று போஸ்டராகத் தொங்குகிறது. அங்கே வேலை பார்த்துக்கொண்டே த்ராபிங் கிரிசில் என்ற நால்வர் குழுவில் இசைத்தார். 1976 அக்டோபரில் லண்டன் ஐசிஏ அரங்கில் அவர்கள் நிகழ்ச்சி நடந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இவர்களை நாகரிகத்தையே நாசமாக்குகிறவர்கள் என்று வசைபாடினார். இன்று 'இன்டஸ்ட்ரியல்' என்று உலகம் முழுக்கச் சொல்லும் இசைவகைக்கு அந்தப் பெயரே அவர்கள் நடத்திய இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து வந்தது.

அந்தக் குழுவில் அவர் வாசித்தது என்ன தெரியுமா? கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. குழுவில் இருந்த கிறிஸ் கார்ட்டர் செய்துகொடுத்த ஒரு பெட்டி. சின்ன கீபோர்டு, கட்டையை அழுத்தினால் கேசட் ஓடும். யாரோ பேசுவது, தெருச் சத்தம், டிவியிலிருந்து பதிவுசெய்த துணுக்கு என்று எதுவும் அதில் வரும். பதிந்த சத்தத்தைக் கட்டையில் வாசிக்கவைக்கும் சாம்ப்ளர் கருவி கடைக்கு வருவதற்கு முன்பே கேசட்டை வைத்து சாம்ப்ளர் வாசித்த மனிதர். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்குத் தனிச் சந்தோஷம். பதினெட்டு வயதிலிருந்து நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் கச்சேரிகள், தை மாசி முழுக்கக் கல்யாண ரிசப்ஷன்கள். ரிதம் பேடில் உருமிச் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, உருமிக்காரர் வராத ஊர்களில் ஒற்றை விரலால் உருமி அடித்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, "உருமி எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று தேடினார். கிறிஸ்டோஃபர்சனை முதன்முதலில் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். மற்றதெல்லாம் பிறகு தெரியவந்தது.

1983-இல் ஹிப்னாசிஸ் முடிந்தது. அந்தக் கூட்டாளிகளோடு சேர்ந்து இசை வீடியோ எடுக்கத் தொடங்கினார். பின்னாளில் அவர் இயக்கியவற்றில் சிலவற்றை உங்கள் மாணவர்கள் உங்களைக் கேட்காமலே பார்த்திருப்பார்கள். மினிஸ்ட்ரி குழுவுக்காக எழுத்தாளர் வில்லியம் பரோஸை நடிக்கவைத்து ஒன்று. 1996-இல் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினுக்கு ஒன்று. 1994-இல் நைன் இஞ்ச் நெயில்ஸுக்கு எடுத்ததைத்தான் நான் வகுப்பில் இரண்டு முறை போட்டுக்காட்டுவேன். வெள்ளைப் பின்னணி, ஒரே ஷாட், கட்டே கிடையாது. பாடகர் மைக்கைத் தூக்கி எறிவார். ஓர் ஆள் ஓடிவந்து அதை எடுத்து நிறுத்திவிட்டுப் போவார். மறுபடி எறிவார், மறுபடி வருவார். அந்த ஆளை ஃபிரேமிலிருந்து வெட்டாமல் விட்டதுதான் இயக்குநரின் வேலை. மேடையில் நின்றவருக்குத்தான் மைக் எடுக்க வருகிறவர் கண்ணில் படுவார். எங்கள் குழுவிலும் அப்படி ஓர் அண்ணன் இருந்தார். இருபது வருஷக் கச்சேரி வீடியோக்களில் எதிலும் அவர் முகம் இல்லை.

இதுவரைக்கும் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இந்த ஸ்லைடுகள் எல்லாம் அந்த 31-இல் இருக்கின்றன. நீங்கள் எடுத்த மூன்றுக்கு வருகிறேன்.

கிறிஸ்டோஃபர்சன் தன்பால் ஈர்ப்பாளர். அதை மறைத்தவரும் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜான் பேலன்ஸ் என்ற இளைஞர் அவருடைய காதலரானார். இருவரும் சேர்ந்து கோய்ல் என்ற குழுவை நடத்தினார்கள். 1985-இல் அவர்கள் ஒரு பழைய பாட்டை எடுத்தார்கள். அமெரிக்கப் பாடகி க்ளோரியா ஜோன்ஸ் அறுபதுகளில் பாடியது. 1981-இல் மார்க் ஆல்மண்ட் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்து, டிஸ்கோ எங்கும் ஆடப்பட்ட அதே பாட்டு. கோய்ல் அதன் வேகத்தைக் குறைத்து, மணியடிக்கும் சத்தத்தோடு சாவு ஊர்வலம்போல ஆக்கினார்கள். வரிகளை மாற்றவே இல்லை. 'ஓடிப்போக வேண்டும்' என்று காதலரிடம் சொன்ன அதே வரி, மெதுவாகப் பாடியதும் எய்ட்ஸ் நோயைப் பற்றியதாக ஆகிவிட்டது. வீடியோவை இயக்கியவர் கிறிஸ்டோஃபர்சன். அதில், அதே பாட்டால் எல்லோரையும் ஆடவைத்த மார்க் ஆல்மண்டே சாவின் உருவமாக வந்து நிற்கிறார். வருமானம் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. ஹிக்கின்ஸ் 1982 ஜூலையில் லண்டனில் இறந்தவர், பிரிட்டனில் எய்ட்ஸுக்குப் பலியான முதல் சிலரில் ஒருவர். நண்பர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த காலம். அரசாங்கம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த தொழிலை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தான்.

இதுதான் பதினொன்று, பன்னிரண்டாம் ஸ்லைடுகள். இதில் எது பாடத்துக்குத் தொடர்பில்லாதது? டெம்போவைக் குறைத்தால் பாட்டின் பொருள் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. ஏன் குறைத்தார்கள் என்று மாணவர் கேட்டால், கேட்பார்கள், நான் என்ன சொல்ல வேண்டும்? 'டெக்னிக்கலாக' என்றா?

நம்மூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் ஒருவர் தாழ்வாரத்தில் கேட்டதாகக் காதில் விழுந்தது. அந்தப் பாட்டு வந்த அடுத்த வருஷம், 1986-இல், இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் கண்டறியப்பட்டது இந்தச் சென்னையில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகள் வேலூருக்குப் போய் சோதிக்கப்பட்டன. அப்போதும் இங்கே பலர் சொன்னது, அதெல்லாம் நம் ஊரில் வராது என்பதுதான்.

இனி ஏழாவது ஸ்லைடு. அதுதான் என்னைத் தூங்கவிடாத ஸ்லைடு.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷங்களில் பேலன்ஸும் கிறிஸ்டோஃபர்சனும் காதலர்களாக இல்லை. அதையும் ஸ்லைடிலேயே எழுதியிருந்தேன். ஆனால் சேர்ந்து இசைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2004 நவம்பர் 13-ஆம் தேதி பேலன்ஸ் வீட்டு மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்தார். குடி அவரை நெடுநாளாகத் தின்றுகொண்டிருந்தது. வயது 42. பாதியில் கிடந்த பதிவுகளையும் மேடைப் பதிவுகளையும் ஒன்றுசேர்த்து, 2005-இல் கிறிஸ்டோஃபர்சன் அந்தக் கடைசித் தொகுப்பை முடித்து வெளியிட்டார். அதன் கடைசிப் பாட்டு, டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் டைட்டில் பாட்டு. துணிக்கடை லிஃப்டில் எந்த மாடியில் என்ன கிடைக்கும் என்று அறிவிக்கும் குரல். அதைப் பேலன்ஸ் பாட, லிஃப்ட் மேலே போகிறது. செத்துப்போனவனின் குரலை எடிட் டேபிளில் வைத்துக்கொண்டு எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார் என்று ஒரு எடிட்டராக யோசித்துப் பார்க்கிறேன். அவருக்கு நீங்கள் கொடுத்த பட்டம் 'நண்பர்'.

நம்முடைய இதே தாளில், இரண்டாவது யூனிட்டில், ஜொனாதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ் பற்றிப் பாடம் இருக்கிறது. குழு தயாரித்த குறிப்பில் அவர்களைப் பற்றிய முதல் வாக்கியமே 'கணவன் மனைவியான இந்த இயக்குநர்கள்' என்றுதான் தொடங்குகிறது. நல்ல குறிப்பு. சேர்ந்து வாழ்கிறவர்கள் சேர்ந்து படம் எடுக்கிறார்கள் என்பது மாணவருக்குத் தெரியத்தான் வேண்டும். அது தனிப்பட்ட வாழ்க்கை விவரம் இல்லையா? அங்கே 'தோழர்கள்' என்று ஏன் திருத்தவில்லை?

உங்களைக் குற்றம் சொல்லுமுன் என் கணக்கையும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

கச்சேரி குறைந்த பிறகு கல்யாண வீடியோ எடிட் செய்யப் போனேன். அதில் வந்த காசில் ஒரு பாட்டை நானே இசையமைத்து நானே எடுத்தேன். கிறிஸ்டோஃபர்சனும் விளம்பரப் படமும் மற்றவர்கள் வீடியோவும் எடுத்துச் சம்பாதித்துத்தான் தன் இசையைக் காப்பாற்றினார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மூன்று நாள் படப்பிடிப்பு, கொட்டிவாக்கம் கடற்கரையில். கேமரா வாடகைக்குத் தன் பைக்கை அடகு வைத்தவன், மூன்று நாளும் ரிஃப்ளெக்டர் பிடித்தவன், ரஃப் கட்டைப் பார்த்து இரண்டாவது சரணத்தில் நாலு செகண்ட் அதிகம் என்று சொல்லி நான் கோபப்பட்டும் விடாமல் வெட்டவைத்தவன், எல்லாம் ஒரே ஆள். அப்போது ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டு ஓனருக்கு நாங்கள் 'பேச்சுலர் பசங்க'. டைட்டில் கார்டில் அவன் பெயரை எங்கே போடுவது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். கடைசியில், 'நன்றி: நண்பர்' என்று அவன் பெயரைப் போட்டேன், கேட்டரிங்காரருக்கு மேலே. அவன் போனில் பார்த்தான். "ஸ்பெல்லிங் கரெக்டா இருக்கு" என்றான். அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவே இல்லை. பாட்டு இன்னும் யூடியூபில் இருக்கிறது, கார்டும் இருக்கிறது. பதிவேற்றியதைத் திருத்த முடியாது.

ஆகவே அந்தச் சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லாமலே ஒருவனைக் காணாமல் ஆக்கும்.

பிரிட்டனில் 1988-இல் ஒரு சட்டம் வந்தது, பிரிவு 28 என்பார்கள். உள்ளாட்சிகள் தன்பால் ஈர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது, பள்ளிகளில் அதை ஏற்கத்தக்க 'பாசாங்குக் குடும்ப உறவாக'க் கற்பிப்பதை ஊக்குவிக்கவும் கூடாது என்றது. வழக்குப் போடுவதற்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. வேலை செய்தது பயம்தான். என்ன சொன்னால் தப்பு என்று தெரியாத ஆசிரியர்கள் எதையுமே சொல்லாமல் விட்டார்கள். ஸ்காட்லாந்தில் 2000-இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-இலும் அதை நீக்கினார்கள். பத்தொன்பதாவது ஸ்லைடு இதுதான். எடுக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நம்மிடம் அப்படி ஒரு சட்டம்கூட இல்லை. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 377-ஐத் தளர்த்திவிட்டது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், இந்த மக்களை எந்தச் சொற்களால் குறிப்பிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசே 2022-இல் அரசிதழில் சொற்பட்டியல் வெளியிட்டது. 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. உயர் நீதிமன்றத்தின் இந்த இரண்டு தீர்ப்புகளும் நம் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் எழுதப்பட்டவை. ஆனால் நம் வகுப்பில் 1985-இல் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயருக்குத் துணை இருக்கக் கூடாது.

பெற்றோர் புகார் சொல்வார்கள் என்பது உங்கள் கவலையாக இருக்கலாம். அப்படி ஒரு புகார் வந்ததா என்று கேட்டேன், பதில் இல்லை. எதைக் காட்டலாம், எதைக் கூடாது என்று யோசிக்கத் தெரியாதவன் நான் இல்லை. கிறிஸ்டோஃபர்சன் 1993-இல் எடுத்த, அதிகாரபூர்வமாக வெளியிடப்படாமலே போன குறும்படம் ஒன்று உண்டு. அதன் வன்முறை வகுப்புக்கு ஆகாது என்று நானே விட்டுவிட்டேன், நீங்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஒன்றை நீங்கள் வெட்டாமல் விட்டதற்கு நன்றி. பேலன்ஸ் இறந்தபின் கிறிஸ்டோஃபர்சன் தாய்லாந்துக்குக் குடிபோனார். கிராபி ஊரில் நடக்கும் சைவ உணவு விழாவைப் படம்பிடித்து, கணினியில் உருவாக்கிய குரல்களைச் சேர்த்து 2007-இல் வெளியிட்டார். கன்னத்தில் கம்பி குத்திய பையன்கள் தெருவில் வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்துவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் படத்தைப் பார்த்தபோது அவர் வேடிக்கை பார்க்க வந்தவராகத் தெரியவில்லை. 2010 நவம்பரில் பாங்காக்கில் தூக்கத்திலேயே இறந்துபோனார், வயது 55.

வியாழக்கிழமை மதியம் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பெயரோ அடையாளமோ சொல்லப்போவதில்லை. "சார், அந்த ஃப்ரெண்ட் யாரு சார்? ஃப்ரெண்டுக்கு எதுக்கு ரெண்டு ஸ்லைடு?" என்று கேட்டார். வெட்டியும் மிச்சம் இருந்திருக்கிறது. நான் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "வகுப்புலயே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். என்னைத்தான் சொன்னார்.

நான் கேட்பது இவைதான். நீக்கிய மூன்று ஸ்லைடுகளையும் திரும்பச் சேர்த்து, ஏழாவதில் 'வாழ்க்கைத் துணை' என்ற சொல்லைத் திரும்பப் போட்டு, இந்த செமஸ்டர் முடிவதற்குள் அந்த வகுப்பை மறுபடி நடத்த வேண்டும். நானே எடுக்க வேண்டும் என்பதில்லை, யார் எடுத்தாலும் முழுதாக எடுத்தால் போதும். 1985 வீடியோவைத் திரையிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தால், எந்தக் காட்சி, எந்த விதியின்படி என்று எழுத்தில் தாருங்கள். 'தனிப்பட்ட வாழ்க்கை விவரம்' என்பதை எப்படி அளக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். அந்த அளவுகோலை இரண்டாவது யூனிட்டிலிருந்து எல்லோருக்கும் ஒன்றுபோல வையுங்கள், அல்லது கைவிடுங்கள். இனி கெஸ்ட் ஃபேக்கல்ட்டியின் பாடத்தில் மாற்றம் வேண்டுமானால், வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு கூப்பிட்டுப் பேசுங்கள். இரவு ஒன்பதரைக்கு எமோஜி வேண்டாம். இதைப் பற்றிக் கேள்வி கேட்கும் மாணவர் யாரையும் அறைக்குக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது.

அடுத்த செமஸ்டரில் எனக்கு மணிநேரம் ஒதுக்குவதும் ஒதுக்காததும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பதிலை மெயிலில் அனுப்புங்கள். 34 ஸ்லைடுகள் கொண்ட கோப்பை மறுபடி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இசை வீடியோ தாளின் கெஸ்ட் ஃபேக்கல்ட்டி
சென்னை